முகங்கொடுத்தல்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். கண், செவி, மூக்கு, நா என்னும் நான்கு பொறிகள் தலையிலேயே குடிகொண்டிருக்கின்றன; உண்ணும் வழியும் உயிர்க்கும் வழியும் கழுத்தினூடே செல்கின்றன. அன்றியும், ஒருவரை இன்னார் என்று பிறர் அறிவது முகத்தினாலேயே. அம்முகத்தைக் கொண்டு நம் மொழியில் எத்தனை வழக்குகள் பிறந்துள்ளன என்று எண்ணிப் பாருங்கள். விருந்தினரை முகமலர்ந்து வரவேற்கிறோம். பிடியாதவரைக் கண்டு முகஞ்சுளிக்கிறோம். பிறர் மனம் நோகலாகாதென்று முகதாட்சிணியம் பார்க்கிறோம். அன்பின்றி நடத்தப்பட்டவன், ‘அவர் எனக்கு முகங்கொடுத்துப் பேசவில்லை’ என்று குறைப்படுகிறான். இறுதியிற் கூறிய வழக்கின் பொருளை யான் அகராதியினின்று அறிந்தேனல்லேன். வெந்துபோன ஒரு முகத்தினின்றே கற்றேன். பழைய மாணாக்கன் என்ற முறையில் எதைப் பற்றியேனும் ஒரு கட்டுரை வரைக என்று இம்மலரின் ஆசிரியர் கேட்டனர். நாற்பது ஆண்டுகட்கு மேலாக யான் எழுதக் கடமைப்பட்டும் எழுதாது விட்டது இஃதொன்றே ஆதலின், இதனையே எழுதத் துணிந்தேன்.

1984-ஆம் ஆண்டில் யான் இரசாயன சாஸ்திரத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு இளங்கலை வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தேன். கலாசாலை விழாவையொட்டி ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று. மாணாக்கர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஊரார் காணுமாறு ஏதேனுமொரு செய்முறையைக் காட்ட வேண்டும். எனக்கும் என் அறைத்தோழனுக்கும் சவுக்காரம் செய்து காட்டும் பணி கிடைத்தது. தோழன் பெயரை ஈண்டு எழுதேன். இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவனுக்குப் படித்துக் காட்டியபோது, ‘முகத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், பெயர் எதற்கு?’ என்று சொல்லிவிட்டான். விடுதியில் நாங்கள் ஓரறையில் வசித்தோம். அவன் ஆலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவன். யான் பின்வரிசையில் நின்று வாயசைப்பவன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் அறையிலிருந்த கண்ணாடி முழுவதும் அவனுக்கே உரியதாயிருந்தது. நல்ல களையான முகம். அஃது அவனுக்கும் தெரியும்.

சவுக்காரம் செய்யும் முறை எளிது. காஸ்டிக் சோடா என்று கடைகளில் வழங்கும் கடுங்காரத்தை நீரிற் கரைத்துத் தேங்காயெண்ணெயுடன் சேர்த்துக் கிளறினால், எண்ணெயானது சவுக்காரமாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். கரைப்பதில் மட்டும் ஒரு விதி உண்டு. குளிர்ந்த நீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்குதல் வேண்டும். ஏனெனில், கரையும்போதே அது மிகுந்த வெப்பத்தை வெளிப்படுத்தும். இது யான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெற்ற விஷயமேயாகும். அன்று மாலை எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம் மிகுந்திருந்தது. முன்னர்க் கரைத்து வைத்த காரநீர் தீர்ந்துபோயிற்று. அடுப்பின்மேல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர் இருந்தது. குழாயடிக்குச் சென்று குளிர்ந்த நீர் கொணரச் சோம்பி, தட்டிலிருந்த காரவில்லைகள் அனைத்தையும் அவ்வெந்நீரில் ஒருசேரக் கொட்டினேன். தோழனோ அத்தருணத்தில் உஷ்ணமானியைப் பார்ப்பதற்காக அதன்மேற் குனிந்துகொண்டிருந்தான். நீர் பொங்கவில்லை, வெடித்தெழுந்தது. அவனுடைய வலக்கண்ணிலும், வலக்கன்னத்திலும், முகவாயிலும், கழுத்திலும் கொதிக்கும் காரம் படிந்தது.

யான் செய்ததைச் சொல்லுகிறேன். முதலிற் சில விநாடிகள் மரம்போல் நின்றேன். பின்னர்ப் படித்தவன் செய்வதையே செய்தேன். காரத்தை முறிப்பது திராவகம் அன்றோ? ஆதலின், நீர்த்த புளிப்புத் திராவகம் வைத்திருக்கும் அலமாரியை நோக்கி ஓடினேன். புட்டியைத் தேடி எடுத்துத் திரும்பி வந்தபோது, எங்கள் ஆய்வுச்சாலைப் பணியாளர் தோழனின் தலையைக் குழாயின்கீழ்ச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். பள்ளியில் நான்கு வகுப்புக்குமேல் அவர் படித்தவரல்லர். காரநீர் ஊறிய சட்டையை அவன் தலைவழியே உருவாமல், கத்தரிக்கோலால் கழுத்துப்பட்டியினின்று வெட்டி எறிந்திருந்தார். ஒட்டியிருந்த ஒன்றிரண்டு வில்லைகளைத் துணியால் தட்டிவிட்டிருந்தார். இடக்கையால் அவனுடைய பிடரியைத் தாங்கி, வலக்கை விரல்களால் அவன் இமைகளை வலிந்து பிரித்து, நீர் கண்ணினுள்ளே ஓடுமாறு செய்துகொண்டிருந்தார். தோழன் அலறினான், திமிறினான், அவர் விடவில்லை. என் கையிலிருந்த புட்டியைக் கண்டதும், ‘தம்பி, அதைக் கீழே வையுங்கள். தண்ணீர் ஒன்றே போதும். வண்டி கொண்டுவரச் சொல்லுங்கள்’ என்றார். வண்டி வந்து நின்ற பின்னரும் அவர் குழாயை மூடினாரில்லை. அரைமணி நேரம் கழிந்த பின்னரே அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்போதும் ஒரு குடம் நீரை உடன் கொண்டுபோய், வழிநெடுக வார்த்துக்கொண்டே சென்றார்.

அண்ணாச்சி செய்தது சரி, யான் செய்ய முயன்றது தவறு என்பதற்குரிய காரணத்தைப் பின்னரே நன்கு உணர்ந்தேன். காரத்தைத் திராவகம் முறிக்கும் என்பது மெய்தான். ஆனால், அம்முறிவிலும் வெப்பம் பிறக்கிறது. வெந்த தசையை அவ்வெப்பம் மேலும் வேகவைக்கும். எவ்வளவு காரத்திற்கு எவ்வளவு திராவகம் என்று முகத்தின்மேல் அளந்து வார்ப்பார் யார்? அளவு மிகுந்தால் திராவகமே புண்செய்யும். இவை யாவற்றிலும் பெரிய கேடு, புட்டியைத் தேடுவதிற் கழியும் காலமாகும். நீரோ காரத்தை நீர்க்கச் செய்து, அடித்துக்கொண்டுபோய், வெப்பத்தையும் தணிக்கும். எங்கும் கிடைக்கும், அளவு மிகினும் தீங்கில்லை.

திராவகத்திற்கும் காரத்திற்கும் உடலிற் புகும் வழியில் ஒரு வேற்றுமை உண்டு. கடுந்திராவகம் பட்ட இடத்தில், முட்டையின் வெண்கரு வெந்து இறுகுவதுபோல் தசையிலுள்ள புரதம் இறுகிப் பொருக்காகிறது. அப்பொருக்கே திராவகம் மேன்மேலும் உட்செல்வதை ஓரளவு தடுக்கும். காரமோ அத்தகைய தடையை உண்டாக்குவதில்லை. தசையைக் கரைத்துக் கூழாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். தோலடியிலுள்ள கொழுப்பைச் சவுக்காரமாக மாற்றும். காரநீர் பட்ட விரல் வழுவழுப்பது எதனால்? நம் தோலின் எண்ணெயே அங்குச் சவுக்காரமாகிவிடுவதனாலேயே. இதனைப் பின்னொரு நாள் புத்தகத்திற் படித்தபோது அதனை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை எங்கள் மேசையின்மீது உண்டாக வேண்டிய சவுக்காரம் என் தோழனுடைய கன்னத்திலே உண்டாயிற்று. ஆஸ்பத்திரியிலும் வைத்தியர்கள் முதலில் மருந்து எதனையும் தேடவில்லை. உப்புநீரால் கண்ணைக் கழுவிக்கொண்டேயிருந்தனர். இடையிடையே சிவப்பு லிட்மஸ் தாளின் சிறு துண்டொன்றைக் கீழிமையின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பர். தாள் நீலமானால் மீண்டும் கழுவுவர். வகுப்பறையில் விளையாட்டாகக் கருதிய அத்தாளின்மேல் ஒரு மனிதனின் பார்வை தொங்கிக்கொண்டிருப்பதை அன்று கண்டேன்.

மாணவ நண்பர்காள்! இங்ஙனம் நேர்வது ஆய்வுச்சாலையில் மட்டுமே என்று எண்ணற்க. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பும் காரமே. சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது தெறிப்பதுண்டு. அதன் துகள்கள் இமைக்கடியில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் எரிக்கும். ஆதலின் அத்துகள்களையும் அகற்றி, நீரால் நெடுநேரம் கழுவி, அன்றே கண்வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். கழிவறை துலக்கும் திராவகமும், அடைபட்ட குழாய்க்கு இடும் காஸ்டிக் சோடாவும், மோட்டார் வண்டியின் பாட்டரியிலுள்ள கந்தகத் திராவகமும் நம் வீடுகளிலும் தெருக்களிலும் உள்ளனவே. தீபாவளியன்று அணைந்துபோன புஸ்வாணத்தைக் குனிந்து நோக்கும் சிறுவனுடைய முகமும், கொதிக்கும் குழம்பைத் தலைக்குமேலுள்ள பலகையினின்று இழுத்துக்கொள்ளும் குழந்தையின் கழுத்தும் ஆண்டுதோறும் வேகின்றன.

தீயினாலோ வெந்நீரினாலோ வெந்த இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிஷங்கள் காட்டுதல் வேண்டும். உடனே செய்வது சிறப்பு. இயலாது போயின், மூன்று மணி நேரத்திற்குள் செய்யினும் பயனுண்டு. பனிக்கட்டி வைத்தல் ஆகாது. அஃது இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண்ணை ஆழமாக்கும். பேனா மையும், பற்பசையும், தோசை மாவும், மஞ்சளும், எண்ணெயும் பூசுவது நம் வீடுகளில் வழக்கம். இவை வெப்பத்தை உள்ளேயே அடக்கும், புண்ணின் ஆழத்தை வைத்தியர் காணாதபடி மறைக்கும், கிருமிகளுக்கும் இடங்கொடுக்கும். மூடிய அறையில் தீப்பற்றி முகம் வெந்தவரிடம் வேறோர் அபாயமும் உண்டு. குரல் கம்முதலும், மூக்கு மயிர் கருகியிருத்தலும், எச்சிலிற் கரி தோன்றுதலும் காணப்படின், சூடான புகை தொண்டையினுட் சென்றுள்ளது என்று கொள்க. அவர் அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், சில மணி நேரத்திற்குள் தொண்டை வீங்கி மூச்சு அடைபடக்கூடும். புண் சிறிது என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

இனி என் தோழனுக்கு நேர்ந்ததைக் கூறுவேன். முகத்தில் இரத்த ஓட்டம் மிகுதி. ஆதலின் ஆழமில்லாத புண்கள் அங்கு விரைவில் ஆறும். கன்னத்தின் மேற்பகுதி அங்ஙனமே ஆறியது. முகவாய்க்குக் கீழும் கழுத்திலும் காரம் ஆழ்ந்து சென்றிருந்தது. அங்கே தொடையினின்று தோலெடுத்து ஒட்டினர். ஒட்டுத்தோல் பிடித்துக்கொண்டது, ஆனால், வடு சுருங்கும் இயல்புடையது. கழுத்தோ வளைந்து நிமிரும் உறுப்பு. வடு சுருங்கச் சுருங்க, முகவாய் சிறிது சிறிதாக மார்பை நோக்கி இழுக்கப்படும், கீழுதடு தொங்கும், வாயை முழுதும் மூடுதல் அரிதாகும். இதனைத் தடுப்பதற்காகத் தலையணையை எடுத்துவிட்டு, தோளுக்கடியில் ஒரு துணிச்சுருளை வைத்துப் படுக்கச் செய்தனர்; இரவும் பகலும் கழுத்தில் ஒரு தாங்கியைக் கட்டினர். அவ்வளவு செய்தும், ஓராண்டிற்குப்பின் வடுவை அறுத்து விடுவித்து, மீண்டும் தோலொட்ட வேண்டியதாயிற்று. ஆலயத்திற் பாடும்போது தலைநிமிர்ந்து உச்சசுரத்தை எட்டுபவன், இரண்டாண்டுகள் வானத்தை அண்ணாந்து பார்க்க இயலாதிருந்தான்.

கண்ணும் முற்றிலும் தப்பவில்லை. அண்ணாச்சியின் நீரினால் கண்ணின் வடிவம் காப்பாற்றப்பட்டது. ஒளியையும் நிழலையும் அவன் இன்றும் வேறுபடுத்தி அறிவான். ஆனால், கருவிழியின் மேலுள்ள பளிங்கு போன்ற படலம் வெளுத்துவிட்டது. அப்படலத்தை நாடோறும் புதுப்பிக்கும் உயிரணுக்கள் கருவிழியின் விளிம்பில் உள்ளன. காரம் அவற்றை அழித்துவிட்டால், இறந்தோர் கண்ணினின்று பெற்ற படலத்தைப் பொருத்தினாலும் அது நிலைப்பது அரிது. நலமாயுள்ள மற்றொரு கண்ணின் விளிம்பினின்று சிறுதுணுக்கொன்றை எடுத்துப் பரப்பி வளர்க்கும் எளியதொரு முறையை ஹைதராபாத்திலுள்ள எல். வி. பிரசாத் கண் நிலையத்தார் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்குள் என் தோழன் ஒரு கண்ணோடு வாழப் பழகிவிட்டான். எஞ்சிய நற்கண்ணைத் தொடவிட அவனுக்கு மனம் வரவில்லை.

இவையெல்லாம் வைத்தியர் பணி. என் பணி ஒன்று இருந்தது. அதனையே யான் செய்யத் தவறினேன். வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். பாடக்குறிப்புகளை எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேனில்லை. கட்டிலின் காலையும், நீர்க்கூசாவையும், சுவரிலே தொங்கிய நாட்காட்டியையும் பார்த்துக்கொண்டே பேசுவேன். அவன் மனம் நோகும் என்பதற்காகப் பாராதிருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். உண்மை அஃதன்று. அவ்வடுக்களிலே என் கைவேலையைக் காண அஞ்சினேன்.

ஏனெனில் விசாரணையில் யான் பொய் கூறியிருந்தேன். ஆசிரியர் கேட்டபோது, ‘சூட்டினால் பாத்திரம் உடைந்துவிட்டது’ என்றேன். பாத்திரம் தரையில் விழுந்து உடைந்தே கிடந்தது. ஆதலின் என் சொல்லை ஐயுறுவாரில்லை. எதிர்பாராத விபத்து என்று எழுதி முடித்தனர். தோழனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவன் அப்போது பேசும் நிலையிலும் இல்லை.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள், ‘அறைக் கண்ணாடியைக் கொண்டு வருகிறாயா?’ என்று அவன் கேட்டான். வைத்தியர் ஒப்பமாட்டார் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘அப்படியானால் நீயாவது என் முகத்தைப் பார்த்துப் பேசு. வருகிறவர்களின் முகத்தைத்தான் நான் கண்ணாடியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ சுவரைப் பார்த்தால், பார்க்கத் தகாத முகம் என்றுதானே நான் எண்ண வேண்டியிருக்கிறது’ என்றான். அன்றுங்கூட யான் பார்த்தது ஒரு கணமே. மறுகணம் பழத்தை உரிக்கத் தொடங்கிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, முகம் சிதைந்தோரின் வரலாற்றைப் படித்தபோது, என்னைப் போன்றோர் எங்கும் இருந்தனர் என்று அறிந்தேன். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஸிட்கப் என்னும் ஊரில் குவீன்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பெற்றது. நியூசிலாந்திற் பிறந்த ஹெரால்ட் கில்லிஸ் என்பார் அங்குத் தலைசிறந்த இரண வைத்தியராய் விளங்கினார். 1916-ஆம் ஆண்டு ஜட்லாண்டுக் கடற்போரில் வெடிமருந்துத் தீயால் முகமும் கழுத்தும் வெந்த மாலுமியொருவருக்குச் சிகிச்சை செய்கையில், மார்பினின்று தூக்கிய தோற்பட்டையின் ஓரங்கள் தாமே உட்சுருளுவதைக் கண்டார். அவற்றைக் குழல்போல் தைத்துவிட்டால் இரத்த ஓட்டம் நிலைக்கும், கிருமியும் அணுகாது என்று உணர்ந்தார். அக்குழல்முறை பல்லாயிரவருக்குப் பயன்பட்டது. ஆயினும், அவ்வாஸ்பத்திரியின் அறைகளிற் கண்ணாடிகள் விலக்கப்பட்டிருந்தன. ஆஸ்பத்திரியினின்று ஊருக்குச் செல்லும் சாலையிற் சில ஆசனங்கள் நீலவண்ணம் தீட்டப்பெற்றிருந்தன. அவற்றில் அமர்ந்திருப்போர் முகம் சிதைந்தோர் என்று ஊரார் முன்னரே அறிந்துகொள்வதற்காக அங்ஙனம் செய்தனர். கண்டு திடுக்கிடாதிருக்கட்டும் என்பது அவர்தம் கருத்து. ஆனால், நீல ஆசனத்திலே அமர்ந்தவனுக்கு எதிர்வருவோர் யாவரும் முன்கூட்டியே தலைதிருப்பிக்கொண்டு செல்வது எப்படி இருந்திருக்கும் என்பதை என் தோழனைக் கேட்டால் சொல்லுவான்.

இரண்டாம் உலக யுத்தத்தில் கில்லிஸின் உறவினரான ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்பார், ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் ஊரிலுள்ள குவீன் விக்டோரியா ஆஸ்பத்திரியில், எரியும் பெட்ரோலால் முகமும் கைகளும் வெந்த விமானிகளுக்குச் சிகிச்சை செய்தார். தானிக் அமிலத்தைப் பூசிப் புண்ணின்மேல் வன்பொருக்கை உண்டாக்குவது அக்கால வழக்கம். அது முகத்தையும் விரல்களையும் இறுக்கிவிடும் என்று கண்டு அதனை அவர் எதிர்த்தார். வெதுவெதுப்பான உப்புநீரில் அமிழ்த்துவதையே கைக்கொண்டார். ஆனால், என் உள்ளத்தைத் தொட்டது அவருடைய கத்தியின் திறமன்று. அவர் ஊராரிடம் சென்று, ‘என் நோயாளிகளை உங்கள் வீட்டிற்கு அழையுங்கள், இயல்பாக அவர்களைப் பார்த்துப் பேசுங்கள்’ என்று வேண்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி உடையை நீக்கி, அவர்கள் தம் படையுடையிலேயே உலவ அனுமதித்தார். ஊரார் அங்ஙனமே விருந்துக்கழைத்தனர். முறைத்துப் பாராத ஊர் என்றே அவ்வூர் பெயர்பெற்றது. நோயாளிகள் 1941-ஆம் ஆண்டில் தமக்குள் ஒரு சங்கம் கண்டு, புதுச் சிகிச்சைகளுக்குத் தாமே சோதனைப் பிராணிகள் என்று நகையாடி, அதற்குக் கினிப்பன்றிச் சங்கம் என்று பெயரிட்டனர். யுத்தம் முடிந்தபோது அதில் 649 உறுப்பினர் இருந்தனர். ஓர் ஊர் நீல ஆசனம் இட்டது. மற்றோர் ஊர் வீட்டுக்கதவைத் திறந்தது. யான் எவ்வூரினன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

1999-ஆம் ஆண்டில் என் தோழனுடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, விசாரணையில் யான் கூறிய பொய்யை அவனிடம் சொன்னேன். வெந்நீரையும், ஒருசேரக் கொட்டிய வில்லைகளையும், குளிர்ந்த நீர் கொணரச் சோம்பியதையும் ஒன்றும் விடாமற் கூறினேன். அவன் சற்றும் வியந்தானில்லை. ‘நீ கொட்டும்போது நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். என் கண் கடைசியாக நன்றாகப் பார்த்தது அதைத்தான். அதை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். அவசரத்தில் நானும் அப்படிச் செய்திருப்பேன். ஆஸ்பத்திரியில் நீ நாட்காட்டியைப் பார்த்துப் பேசினாயே, அதைத்தான் விட முடியவில்லை’ என்றான். பதினைந்து ஆண்டுகளாக யான் சுமந்தது ஒரு குற்றம்; அவன் சுமந்தது வேறொன்று. அன்று மாலை விளக்கேற்றும் வரையில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். வடு, வடுவாகத் தோன்றியது சிறிது நேரமே. பின்னர் அஃது என் தோழனுடைய முகமாகவே இருந்தது. நகைத்தபோது இடப்புறம் மட்டும் குழி விழும் அதே முகம்.

என் தோழனுக்கு நேர்ந்தது ஒருவனுடைய சோம்பலால் நேர்ந்தது. வேண்டுமென்றே பிறர்முகத்தில் திராவகம் வீசும் கொடியோரும் நம் நாட்டில் உள்ளனர். தம்மை மறுத்த பெண்ணின் முகத்தை அழித்தால் அவளையே அழித்துவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். 2005-ஆம் ஆண்டில் டில்லியில் அங்ஙனம் தாக்குண்ட லட்சுமி என்னும் இளம்பெண், மறுவருஷமே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2013-ஆம் ஆண்டில் நீதிமன்றம், திராவகம் விற்போர் வாங்குவோரின் விவரங்களைப் பதிவேட்டில் எழுதவும், பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு விற்காதிருக்கவும், பாதிக்கப்பட்டோர்க்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்கவும் கட்டளையிட்டது. அவ்வாண்டிலேயே தண்டனைச் சட்டத்தில் இக்குற்றத்திற்குத் தனிப்பிரிவு சேர்ந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 124-ஆம் பிரிவாக உள்ளது. பத்தாண்டுகட்குக் குறையாத சிறைவாசம் அதற்குரிய தண்டனையாகும். அரசினர் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும், இத்தகையோர்க்குப் பணம் பெறாது சிகிச்சை செய்தல் வேண்டும் என்பதும் சட்டமே. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை மாற்றுத்திறனாளிகளுள் ஒரு வகையினராகச் சேர்த்து, அவர்க்குரிய உரிமைகளை வழங்கியது. சட்டம் இவ்வளவு செய்யும். ஆனால், பேருந்தில் அப்பெண்ணின் அருகிலுள்ள இடம் வெறிதாயிருக்கும்போது, அங்குச் சென்று அமருமாறு எவரையும் சட்டத்தால் ஏவ இயலாது. முகத்தை அழித்தவன் தொடங்கியதை, முகந்திருப்பும் நாமே முடித்து வைக்கிறோம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. அஃது உண்மையாயின், வெந்த முகத்திலே தெரிவது எவருடைய அகம்? அதனைக் காண்போருடைய அகமே என்பது என் துணிபு. நல்ல சமாரியன் கதையை நம் கலாசாலை ஆலயத்திற் பன்முறை கேட்டிருக்கிறோம். அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். தீக்காயத்திற்கு அவை ஆகா. அங்கு நீரே வார்த்தல் வேண்டும். ஆனால், அவனுடைய வைத்தியத்தினும் மேலானது, முன்னர் வந்த இருவரைப்போல் அவன் பக்கமாய் விலகிப் போகாமையே.

யான் உயர்நிலைப்பள்ளியில் இரசாயன ஆசிரியனாய் இருந்து ஓய்வுபெற்றேன். ஒவ்வோராண்டும் ஜூன் மாதத்தில் முதல் வகுப்பன்று, நூலைத் திறக்குமுன் குழாயைத் திறந்து காட்டுவேன். கண்ணில் எது தெறித்தாலும் முதலில் ஓட வேண்டிய இடம் அதுவே, அலமாரியன்று என்பேன். அண்ணாச்சி இன்று இல்லை. ஒருமுறை அவரிடம், ‘இத்தனை உறுதியாக எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டேன். ‘அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்’ என்றார். அவர் அவன் முகத்தைப் பார்த்தார்; யான் அலமாரியைப் பார்த்தேன். அதன்பின் நாட்காட்டியைப் பார்த்தேன்.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்காள்! உங்களுள் எவருக்கேனும் இத்தகைய தருணம் வரின், நெடுநேரம் நீர் வாருங்கள். நீர் வார்த்து முடிந்த பின்னர், நெடுங்காலம் முகங்கொடுங்கள்.